போடும் நாளிலேயே கழற்றும் நாளையும் பேசிவிடுங்கள்

நான் நுவரெலியா மாவட்டத்தில் பொதுச் சுகாதார மருத்துவமாதுவாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தோட்டங்களும் சிறு நகரங்களும் கலந்து கிடக்கும் என் பிரதேசத்தில், பாலியல் தொழிலுக்குப் போகும் பெண்களோடு கருத்தடை பற்றிப் பேச வேண்டிய தேவை என் பணிக்காலத்தின் பிற்பகுதியில்தான் அதிகமாயிற்று. ஓய்வுக்குப் பின்னரும் அவர்களில் சிலர் என்னைத் தேடி வருவதால் அந்தப் பேச்சு இன்றும் நிற்கவில்லை. கையில் வைக்கும் ஜடெல் குச்சி, கருப்பையில் வைக்கும் லூப், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஆகியவை அவர்களுடைய வாழ்க்கைக்கு எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தாமல் போகின்றன என்று நான் கண்டவற்றை, அந்தப் பெண்களையும் அவர்களைக் கிளினிக்கில் சந்திக்கப்போகும் இளைய மருத்துவமாதுகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தன்னைப் பாலியல் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்த பெண் ஒருத்திகூட இல்லை. கொழுந்து பறிப்பவள், கணவன் விட்டுப்போனவள், ஆடைத் தொழிற்சாலை வேலை போய்த் திரும்பியவள், ஏப்ரல் சீசனில் மட்டும் நுவரெலியா விடுதிகளுக்குப் போய் வருபவள், கண்டியிலோ கொழும்பிலோ மசாஜ் நிலையம் என்ற பெயரில் நடக்கும் இடத்தில் இருந்துவிட்டு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வருபவள் என்று பலரும் வந்தார்கள். ஊரில் அவர்கள் 'கடை வேலை' என்றோ 'வீட்டு வேலை' என்றோ சொல்லி வைத்திருப்பார்கள். எங்களுடைய பதிவேடோ குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டது. கணவன் கூட இல்லாத ஒரு பெண் கருத்தடை கேட்டால், 'உனக்கு எதற்கு?' என்ற கேள்வி யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். அந்தக் கேள்வி காதில் விழுந்த பெண் அடுத்த கிளினிக் நாளில் வரமாட்டாள்.

உண்மையில், பொருத்தமான முறையைத் தெரிவு செய்ய அவளுடைய தொழிலை நாம் கேட்டறிய வேண்டிய அவசியமே இல்லை. மாதத்தில் எத்தனை நாள் ஊரில் இருப்பாள், கிளினிக் அட்டையை வீட்டில் வைத்தால் யார் கண்ணில் படும், இரத்தப்போக்கு ஒழுங்கு தவறினால் அவளுடைய வருமானம் பாதிக்கப்படுமா, வெள்ளைபடுதலோ அடிவயிற்று வலியோ அண்மையில் இருந்ததா, இன்னொரு பிள்ளை வேண்டுமென்று நினைக்கிறாளா என்ற ஐந்தாறு கேள்விகளே போதும். வேறு ஆள் இல்லாத அறையில், பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டால், தொழிலைப் பற்றி அவளாகவே சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுவாள்.

குறுகியகால முறைகள் இவர்களுக்குக் கைகொடுக்காமல் போவதற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மித்துரி என்ற கருத்தடைக் குளிசையைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும் என்றால், இரவு எங்கே தங்குவோம் என்று மாலையில்கூடத் தெரியாத ஒருத்தி என்ன செய்வாள்? வாடிக்கையாளரின் வற்புறுத்தலால் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் அன்றைய குளிசை போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சாதாரணமாகப் பயன்படுத்தும் முறையில், குளிசை பாவிக்கும் 100 பெண்களில் ஓராண்டுக்குள் சுமார் 7 பேரும், ஆண் ஆணுறையை மட்டும் நம்பியிருப்பவர்களில் 13 பேரும், ஊசி போடுபவர்களில் 4 பேரும் கர்ப்பமாகிறார்கள். லூப் வைத்தவர்களில் அது 100க்கு ஒருவருக்கும் குறைவு. கைக்குச்சி வைத்தவர்களில் 1,000 பேருக்கு ஒருவர் அளவே. நாள்தோறும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை எந்த முறையில் இல்லையோ அந்த முறையே தவறுவது குறைவு என்பதைத்தான் இந்தக் கணக்குக் காட்டுகிறது.

ஆணுறைக்கு வேறு சிக்கல் உண்டு. இலங்கையில் பாலியல் தொழிலில் ஈடுபடும் பெண்களைப் பிடிக்கப் பொலிஸார் பெரும்பாலும் பயன்படுத்துவது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை. கைப்பையில் 'ப்ரீத்தி' ஆணுறைப் பக்கெட் இருந்தால் அதையே சாட்சியாகக் காட்டிவிடுவார்கள் என்ற அச்சம் இவர்களிடையே ஆழமாக வேரூன்றி இருக்கிறது. அதனால் பையில் வைக்காமல் வாடிக்கையாளரை நம்புகிறார்கள், அவரோ போடாமல் இருக்க மேலதிகப் பணம் தருவதாகச் சொல்கிறார். உடலுக்குள் இருக்கும், யார் தேடினாலும் பையில் அகப்படாத ஒரு முறை இவர்களுக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதை எனக்கு இன்னும் தெளிவாகக் காட்டியது. எரிபொருள் இல்லாமல் பஸ்கள் ஓடாத வாரங்களில், ஊசிக்கு நாள் வந்தவர்கள் மலைப்பாதையில் நடந்து வரவும் முடியாமல், வந்தாலும் மருந்து இருக்குமா என்று தெரியாமல் தவித்தார்கள். அதே காலத்தில், வருமானம் நின்றுபோனதால் முதல்முறையாக இந்தத் தொழிலுக்குப் போனவர்களும் இருந்தார்கள். குச்சியோ லூப்போ வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு கவலையாவது இல்லாமல் இருந்தது. ஊசியை நம்பியிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, நாள் தவறினாலும் நான்கு வாரம் வரை சென்று போட்டுக்கொள்ளலாம் என்பது. அந்த அவகாசம் தெரியாமல், இரண்டு வாரம் தாமதித்ததற்காகத் திட்டு விழுமென்று பயந்து முற்றாகவே விட்டுவிட்டவர்கள் உண்டு.

இவ்வளவு நன்மை இருந்தும், குச்சி என்றதும் பின்வாங்கும் பெண்களே அதிகம். அந்தப் பின்வாங்கலை அறியாமை என்று ஒதுக்கும் உத்தியோகத்தர்களோடு எனக்கு எப்போதும் உடன்பாடு இருந்ததில்லை. 1980களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. எங்கள் தோட்டங்களில், முழுமையாக விளங்காமலேயே கையெழுத்து வைத்ததாகச் சொல்லும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தாய்மாரின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அனுப்பும் முன்னர் என்ன ஊசி என்று சொல்லாமலேயே மூன்று மாத ஊசி போட்டு அனுப்பினார்கள் என்று என்னிடம் சொன்ன பெண்களும் உண்டு. 'நம்ம சனத்தக் குறைக்கத்தானே மிஸ் இதெல்லாம்?' என்று ஒருத்தி கேட்டால், அவளுக்குப் பின்னால் அவ்வளவு அனுபவம் நிற்கிறது.

ஆகவே அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது முறையின் நன்மைகளைப் பற்றிய சொற்பொழிவு அல்ல. ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருத்தி, நான் குச்சி ஐந்தாண்டு தாங்கும், பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இடைமறித்து, 'அதெல்லாம் சரி மிஸ், எனக்கு ஒத்துக்கலைன்னா யாரு கழட்டுவாங்க? எப்ப போனா கழட்டுவாங்க?' என்று கேட்டாள். சரியான கேள்வி அதுதான். நீண்டகால முறையின் தரம் அதைக் கழற்றிக்கொள்ளும் வழியில்தான் இருக்கிறது என்பதே இத்தனை காலப் பணியில் நான் வந்தடைந்த முடிவு. குளிசை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு விழுங்காமல் விட்டுவிடலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. குச்சியும் லூப்பும் அப்படியல்ல. இன்னொருவருடைய கையும் கருவியும் மனமும் வேண்டும்.

அந்த மனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். குச்சி வைத்த பின் விட்டுவிட்டு இரத்தம் பட்டுக்கொண்டே இருந்த ஒரு பெண், கழற்றச் சொல்லி ஓர் இடத்துக்குப் போனாள். ஐந்து வருடம் முடியவில்லையே, அரசாங்கப் பொருளை ஏன் வீணாக்குகிறாய் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை போனபோது கணவனைக் கூட்டி வரச் சொன்னார்கள்; அவளுக்குக் கணவன் இல்லை. கடைசியில் நகரத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கீறியதில் ஒரு குச்சி மட்டுமே வெளியே வந்தது, மற்றது முறிந்து உள்ளே தங்கிவிட்டது. அதை எடுக்கக் கண்டி வரை போக வேண்டியதாயிற்று. அவள் இருந்த லயத்தில் அதன்பின் நெடுங்காலம் ஒருத்தியும் குச்சிக்குச் சம்மதிக்கவில்லை. ஐந்தாண்டு என்பது குச்சி தாங்கும் உச்ச காலம். ஐந்து வருடமும் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எந்த நாளிலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் கழற்றிக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. கணவனின் கையெழுத்தும் தேவையில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். குச்சி வைக்கும் வைத்தியரிடம், அந்தப் பெண் கேட்கும்படியாக, 'இவர் இதை முன்கூட்டியே எடுக்க விரும்பினால் எந்த நாளில், யாரிடம் வர வேண்டும்?' என்று கேட்டுப் பதிலை அட்டையிலேயே எழுதி வாங்கிவிடுவேன். மருத்துவமாது உடன் இல்லாவிட்டால் பெண்ணே கேட்கலாம். தெளிவான பதில் வராத இடத்தில் அன்று போட்டுக்கொள்ள வேண்டாம், அதுவரைக்கும் ஊசியோடு இருந்துவிட்டு வேறு கிளினிக்குக்குப் போகலாம் என்பதே என் அறிவுரை. மொழியும் இங்கே முக்கியம். தமிழில் விளக்கக்கூடியவர் இல்லாத கிளினிக்கில் தலையை ஆட்டிவிட்டு வருவதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது; தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகும்போது, அவர் தொழில் தரகராகவோ மாமியாராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி குச்சியைப் பற்றி. ஜடெல் என்பது தீக்குச்சி அளவான இரண்டு மென்குழல்கள். லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன் அவற்றிலிருந்து சிறிது சிறிதாகக் கசியும். அதிகம் பயன்படுத்தாத கையின் மேற்புறத்தில், உட்பக்கமாக, தோலுக்குச் சற்றே கீழே, மரத்துப்போக ஊசி போட்டு வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களில் சிலருக்கு மூன்றாண்டுக்கென்று வைத்த ஒற்றைக் குச்சி இருக்கும். ஆகவே வைத்தது எந்த வகை, எந்த மாதம் என்பதைக் கைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அட்டை தொலைந்தாலும் படம் இருக்கும், வீட்டில் யார் கண்ணிலும் படாது. மாதவிடாய் தொடங்கிய முதல் ஏழு நாட்களுக்குள் வைத்தால் உடனே பலன் தரும்; வேறு நாட்களில், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பின் வைத்தால், அடுத்த ஏழு நாட்களுக்கு ஆணுறை கட்டாயம்.

கொழுந்து பறிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதைக் கிளினிக்கில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். வைத்த நாளும் மறுநாளும் கை கனக்கும், கன்றிப்போகும். காயம் ஆறும் வரை சில நாட்கள் நனையாமலும் இருக்க வேண்டும். மழையில் மலைக்குப் போகும் பெண்ணுக்கு இது எளிதல்ல. பேர் (நாட்கூலி பதியும் வேலை) இல்லாத நாளுக்கு முந்திய நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் ஒரு பேர் மட்டுமே நட்டமாகும். விடுதி வேலைக்குப் போகிறவர்கள், கட்டோடு போனால் கேள்வி வரும் என்பதால், சீசன் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே வைத்துவிடுவது நல்லது. காயம் ஆறிய பின் விரலால் தடவிப் பார்த்தால் இரண்டு குச்சியும் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் ஆழமாகப் போயிருக்கலாம் என்பதால் கிளினிக்கில் காட்ட வேண்டும். நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பேச்சு எல்லா லயத்திலும் உண்டு. சரியாக, தோலுக்கு அடியிலேயே வைத்த குச்சி வைத்த இடத்திலேயே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அவளே தடவிப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

குச்சியைக் கழற்ற வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் இரத்தம் படுவது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அது தொல்லை, தொழிலுக்குப் போகும் பெண்ணுக்கு அது வருமான இழப்பு. இதை முன்கூட்டியே சொல்லாமல் குச்சி வைப்பது அநீதி என்றே சொல்வேன். முதல் சில மாதங்களில் எப்போது படும், எவ்வளவு படும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் குறைந்துவிடும், சிலருக்கு மாதவிடாயே நின்றுபோகும், அதனால் உடலுக்குக் கேடில்லை. தொல்லை தொடர்ந்தால் வைத்தியர் சில நாட்களுக்கு இபுபுரோஃபென் வகைக் குளிசையோ, ஒத்துவருபவர்களுக்குச் சில வாரங்களுக்குக் கலப்புக் கருத்தடைக் குளிசையோ கொடுத்துப் பார்ப்பார். அவற்றாலும் அடங்காவிட்டால் கழற்றுவதில் தயக்கமே கூடாது. உடலுறவுக்குப் பின் மட்டும் இரத்தம் பட்டால் அதைக் குச்சியின் மேல் போட்டுவிடாமல், தொற்று உண்டா, கருப்பைக் கழுத்தில் புண் உண்டா என்று பார்க்க வேண்டும். வெல் வுமன் கிளினிக்கில் 35, 45 வயதில் எடுக்கும் பாப் பரிசோதனைக்காக (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது) இவர்கள் அந்த வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

லூப் விடயத்தில் மருத்துவ உத்தியோகத்தர்களிடமே ஒரு தவறான எண்ணம் நீண்டகாலம் இருந்தது: பல ஆண்களோடு உறவுள்ள பெண்ணுக்கு லூப் வைக்கவே கூடாது என்பது. அப்படியில்லை. வைக்கும் நேரத்தில் கொனோரியாவோ கிளமிடியாவோ சீழ்வடியும் கருப்பைக் கழுத்து அழற்சியோ இருந்தால்தான் வைக்கக் கூடாது. முதலில் சிகிச்சை, பிறகு லூப். வைத்த பின்னர் தொற்று வந்தால், லூப்பைக் கழற்றாமலேயே மருந்து கொடுக்கலாம். கருப்பைக்குள் தொற்று ஏறும் ஆபத்து வைத்த முதல் மூன்று வாரங்களில்தான் கூடுதலாக இருக்கிறது. ஆகவே, முதலில் பாலியல் நோய்க் கிளினிக்கில் பரிசோதனை, பின்னர் லூப், அதன்பின் மூன்று வாரம் தொழிலுக்குப் போகாமல் இருக்க முடிந்தால் மிக நல்லது, முடியாவிட்டால் ஆணுறை இல்லாமல் ஒருவரையும் ஏற்பதில்லை என்ற ஒழுங்கில் செய்துகொண்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். லூப்பில் ஹோர்மோன் இல்லை, செம்புதான் வேலை செய்கிறது. 380ஏ வகை குறைந்தது பத்தாண்டு தாங்கும்.

லூப்பின் நூல் பற்றிப் பேச எங்களுக்கு வெட்கம், அவர்களுக்குத் தேவை. நூல் குத்துவதாக வாடிக்கையாளர் சொன்னார் என்று ஒருத்தி அதைத் தானே இழுத்துப் பார்த்திருந்தாள். சில வாரங்களில் நூல் மிருதுவாகிவிடும். அப்போதும் உறுத்தினால் கிளினிக்கில் இன்னும் குட்டையாக வெட்டித் தருவார்கள். மாதவிடாய் நாட்களில் தொழிலை விட முடியாதவர்கள் பஞ்சையோ ஸ்பொஞ்சையோ உள்ளே வைத்துக்கொள்வதுண்டு. அதை வெளியே எடுக்கும்போது நூலும் சேர்ந்து வந்து லூப் நழுவிவிடலாம். டெட்டோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுவதும் இவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். அது லூப்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் உட்சவ்வைப் புண்ணாக்கித் தொற்றுக்கு வழி திறந்துவிடும். வெளியே சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதுமானது. இன்னொன்று, லூப் வைத்தால் மாதவிடாய் இரத்தம் கூடும். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை ஏற்கெனவே அதிகம் என்பதால், முகம் வெளிறி, மலையேறும்போது மூச்சு வாங்கும் ஒருத்திக்கு நான் லூப்பை முதல் தெரிவாகச் சொல்வதில்லை.

ஊசியின் கதை வேறு. ஓராண்டு தொடர்ந்து போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மாதவிடாய் நின்றுவிடும்; இரத்தம் உள்ளே கட்டிக்கொள்கிறது என்று பயந்து விட்டவர்கள் உண்டு, வேலை நாள் வீணாகவில்லை என்று அதற்காகவே விரும்பிப் போட்டவர்களும் உண்டு. அவளே விரும்பினால் இரண்டாவது காரணத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஒருமுறை இரண்டு இளம் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர், 'இவங்களுக்கு ஊசி போடணும், மாசத்துல லீவு எடுக்காம இருக்கணும்' என்று அவர்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டே நின்றார். அவரை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசியபோது ஒருத்திக்கு அடுத்த ஆண்டு ஒரு குழந்தை வேண்டும் என்ற ஆசை இருப்பது தெரிந்தது. ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம்வரை ஆகலாம். குச்சியும் லூப்பும் கழற்றிய உடனேயே கருத்தரிக்க விடும். இதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. இப்படி யாராவது கூட்டி வரும் பெண் 18 வயதுக்குக் குறைந்தவள் என்று தெரிந்தால் அது கருத்தடைப் பிரச்சினையே அல்ல, சிறுவர் சுரண்டல். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு உடனே அழைக்க வேண்டும். வளர்ந்த பெண்கள் அடி, மிரட்டலுக்கு உள்ளானால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது.

நீண்டகால முறையின் மிகப் பெரிய ஆபத்து அது தரும் நிம்மதிதான். கர்ப்பப் பயம் போனதும் ஆணுறை மெல்லக் கை நழுவுகிறது. வாடிக்கையாளரிடம் நழுவுவதைவிட, 'என் ஆள்' என்று நம்பும் ஒருவரிடம்தான் அது முதலில் நழுவுகிறது. தென்னாபிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வாத்தினி ஆகிய நாடுகளில் 7,829 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, ஊசியும் லூப்பும் குச்சியும் எச்.ஐ.வி. வாய்ப்பில் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடவில்லை என்று காட்டியது. ஊசி போட்டால் எச்.ஐ.வி. வரும் என்ற பழைய அச்சத்தை அது தணித்தது. ஆனால் அதே ஆய்வின் காலத்தில் அந்தப் பெண்களில் 397 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது. மூன்றில் எதுவும் நோயைத் தடுக்கவில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா பரிசோதனைகள் அரச பாலியல் நோய்க் கிளினிக்குகளில் இலவசம், இரகசியம் காக்கப்படும். நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை ஆகிய நகரங்களில் கிளினிக்குகள் இருக்கின்றன. தன் ஊர்க் கிளினிக்கில் முகம் தெரியும் என்று கூசுபவர் பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம், யாரும் தடுப்பதில்லை.

குச்சி வைத்தவர்கள் வேறு மருந்து எடுக்கும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், பெனிற்றோயின், பழைய எச்.ஐ.வி. மருந்தான எஃபவிரென்ஸ் ஆகியவை குச்சியின் பலத்தைக் குறைத்துவிடும். லூப்பையும் மூன்று மாத ஊசியையும் அவை பாதிப்பதில்லை. மார்புச் சளிக் கிளினிக்கில் காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே குச்சியோடு கர்ப்பமான பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டு கிளினிக்கும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஆணுறை கிழிந்த மறுநாள் போஸ்டினோர் என்ற அவசரக் கருத்தடைக் குளிசையை வாங்கிக் குடிப்பதை வழக்கமாகவே கொண்டவர்கள் இருக்கிறார்கள். 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது என்பது சரி, ஆனால் வாரந்தோறும் அதையே நம்புவது செலவும் தோல்வியும் மிகுந்த வழி. ஐந்து நாட்களுக்குள் லூப் வைத்துக்கொண்டால் அந்தக் கர்ப்பத்தையும் அதைவிட உறுதியாகத் தடுக்கும், பிறகும் பத்தாண்டு இருக்கும். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பு குற்றம் என்பதால், தெரியாத இடத்தில் வாங்கிய குளிசையோடும் காய்ச்சலோடும் வைத்தியசாலைக்கு வரத் தயங்கி உயிராபத்து வரை போனவர்களைக் கண்டிருக்கிறேன். இரத்தம் நிற்காவிட்டாலோ காய்ச்சலும் நாற்றமும் இருந்தாலோ தயங்காமல் வர வேண்டும். சிகிச்சை அளிப்பது வைத்தியசாலையின் கடமை. கரு கலைந்த பின் இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கருத்தரிக்க முடியும் என்பதை வார்டில் யாரும் சொல்வதில்லை. குச்சியையும் ஊசியையும் அங்கேயே, அன்றே போட்டுக்கொள்ளலாம். தொற்று இருந்தால் லூப் மட்டும் ஆறிய பிறகு.

அண்மைக்காலத்தில் என்னிடம் அதிகம் வருவது காலம் முடிந்த குச்சிக்காரர்கள். காலம் கடந்த குச்சி உடம்பில் நஞ்சாக மாறாது, ஆனால் அதை நம்பக் கூடாது. பழையதை எடுத்த அதே துளை வழியாக அன்றே புதியதை வைத்துவிடலாம், இன்னொரு நாள் போக வேண்டியதில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண் இனியும் தேவையா என்று கேட்டாள். மாதவிடாய் குறைந்துகொண்டு வருகிறது, தொழிலும் குறைந்துவிட்டது என்றாள். ஐம்பதுக்கு முன் தானாக நின்றால் இரண்டு ஆண்டும், அதன்பின் நின்றால் ஓர் ஆண்டும் பொறுத்துப் பார்க்கும் வரை ஏதாவது ஒரு முறை வேண்டும் என்றும், நாற்பது வயதுக்குப் பிறகு வைக்கும் செம்பு லூப்பை மாதவிடாய் முற்றாக நிற்கும் வரை மாற்றாமலே வைத்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவளுக்கு இரத்தச்சோகை இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. குச்சியைக் கழற்றிய அன்றே லூப்பை வைத்துக்கொண்டு, அதை எடுக்க எந்தக் கிழமை வர வேண்டும் என்று வைத்தியரிடம் அவளே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டாள்.